பாலத்தின் மேல் நாலு பேர்

போன வாரம் படிக்காதவர்களுக்காக ஒரே மூச்சில் சொல்லிவிடுகிறேன். ஏழு நாளாக இதையே பேசிப் பேசி என் வாய்தான் வலிக்கிறது.

எங்களுடையது பேக்கரிக் குடும்பம். மாவு பிசைவது என் மாமியார். அடுப்பு என் வீட்டுக்காரர் பொறுப்பு. கேக்கின் மேல் பூப்போடுவது என் நாத்தனார் குட்டி. கல்லாவும் வாயும் நான்.

குட்டிக்குப் பிடித்த பையன் பிசியோதெரபிஸ்ட். ஏரிப் பூங்காவில் ஞாயிறுதோறும் நடக்கும் ஊர் ஓட்டத்தில் நேரம் குறிப்பவனும் அவன்தான். அதனால் எங்கள் வீட்டில் அவனுக்கு ஸ்டாப்வாட்ச் என்று பெயர். கல்யாணம் நிச்சயமானால் 'அவர்' என்று சொல்வதாக இருக்கிறேன். அதுவரைக்கும் 'அவன்'தான்.

அவனுடைய அம்மா டிரைவிங் ஸ்கூல் நடத்துகிறார். ரோட்டில் மட்டுமா, பூங்காப் பாதையிலும் சட்டம் அவர் வைத்ததுதான். மெதுவாகப் போகிறவர்கள் இடது பக்கம், முந்துகிறவர்கள் வலது பக்கம். முந்தும் முன் "வலது!" என்று கத்துவது பழைய வழக்கம். யாரோ புதுசாக வந்தவர் அதைக் கேட்டு வலது பக்கமே தாவி விழுந்ததால், பதினைந்து நாளைக்கு முன் அதை மாற்றினார். இனிமேல் "பின்னாடி!" என்று குரல் கொடுக்க வேண்டும், முன்னால் போகிறவர் இடது பக்கம் ஒதுங்க வேண்டும்.

புதுச் சட்டம் வந்து முதல் ஞாயிறு. என் வீட்டுக்காரர் முன்னால் ஓடுகிறார். டிரைவிங் ஸ்கூல் அம்மா பின்னால் வந்து குரல் கொடுக்கிறார். ஒதுங்க வேண்டிய மனிதர் பாதை நடுவில் சட்டென்று நின்றுவிட்டார். மோதி விழுந்ததில் அம்மாவுக்குத் தோள்பட்டை பிசகி, கழுத்தில் கட்டிய துணித் தொட்டிலில் கை தொங்குகிறது.

அதையாவது அவர் மன்னித்திருப்பார். விழுந்தபிறகும் இவர் திரும்பிப் பார்க்கவில்லை. ஐந்து விநாடி. கீழே கிடந்தபடியே அந்த அம்மா எண்ணியிருக்கிறார்.

"விழுந்தவளைத் திரும்பிப் பார்க்காத வீட்டுல எப்படிம்மா பொண்ணு எடுக்கறது? ஏன் நின்னாருன்னு ஒரு காரணம் சொல்லட்டும். அப்புறம் கல்யாணப் பேச்சைப் பேசலாம்" என்று சொல்லிவிட்டார். நாங்கள் கொடுத்தனுப்பிய பன் பெட்டி பிரிக்காமலே திரும்பி வந்தது.

காரணம்தானே இல்லை! இவரைக் கேட்டால் ஒரே பதில். "தெரியலை. கால் நின்னுடுச்சு."

ஸ்டாப்வாட்சின் அப்பா கப்பல் இன்ஜினியர். நடுக்கடலில் இருக்கிறார். குட்டி என்று ஒருத்தி உலகத்தில் இருப்பதே அந்த மனிதருக்குத் தெரியாது. அம்மா சரி என்று சொன்னபிறகு அப்பாவுக்குச் சொல்லலாம் என்று ஸ்டாப்வாட்ச் தள்ளிப்போட்டிருந்தான். இப்போது அம்மாவும் சரி சொல்லவில்லை.

ஆச்சு, கதைக்கு வருகிறேன்.

இந்த ஞாயிற்றுக்கிழமை காலை அடுப்படியில் நான்கு பேரும் இருந்தோம். ஞாயிறன்று கடை திறக்கப் பத்து மணி ஆகும். ஆனாலும் முதல் அடுக்கு பிரெட் விடிந்ததும் இறங்கிவிடும்.

"இன்னிக்கு நாலு பேரும் ஓட்டத்துக்குப் போறோம்" என்றார் மாமியார், மாவை மேஜையில் ஓங்கி அறைந்து. "நேர்ல பேசி முடிச்சுட்டு வர்றோம்."

"அத்தை, உங்க முட்டி..."

"நடக்கிறவங்களும் வரலாம்னு போர்டுல போட்டிருக்குல்ல? நடக்கறேன்."

"நான் வரலைம்மா" என்றார் இவர், அடுப்புக்குள் எட்டிப் பார்த்துக்கொண்டே.

"நீ வராம நாங்க யாரைக் காட்டி மன்னிப்புக் கேக்கறது? வாயைத் திறந்து ரெண்டு வார்த்தை பேசணும். அதையும் நானா பிசைஞ்சு குடுக்கணும்?"

மற்ற நாளாக இருந்தால் குட்டி சிரித்திருப்பாள். அன்று கண் சிவந்திருந்தது. "அண்ணனை விட்டுடும்மா. எனக்காக யாரும் யார் கால்லயும் விழவேண்டாம். நடக்கலைன்னா நடக்கலை, அவ்வளவுதான்."

'அவ்வளவுதான்' என்று சொல்லும்போதே அவள் குரல் உடைந்தது. எனக்குக் கோபம் வந்துவிட்டது. யார் மேல் என்றுதான் தெரியவில்லை. "ஏய், நீ என்ன பெரிய..." என்று ஆரம்பித்தேன்.

"பின்னாடி!" என்றார் இவர்.

பேச்சு நின்றது. சுடச்சுடத் தட்டு என் முதுகை ஒட்டிப் போனது. "போயாச்சு" என்றார். விட்ட இடத்தில் பிடித்தேன். "...பெரிய தியாகியா? போய் ஷூவைப் போடு!"

ஏழு மணிக்குப் பூங்கா வாசலில் நின்றோம். அடேயப்பா, கூட்டமா அது! முந்நூறு பேராவது இருப்பார்கள். ஓடுகிறவர்கள், நடக்கிறவர்கள், நாயைப் பிடித்துக்கொண்டு வந்தவர்கள், நாய் பிடித்து இழுத்து வந்தவர்கள். பாதை நாலு பேர் நடக்கிற அகலம். ஏரியின் குறுக்கே இருக்கும் மரப்பாலத்தில் இரண்டு பேர் ஒட்டி நடந்தாலே தோள் உரசும்.

டிரைவிங் ஸ்கூல் அம்மா ஒரு கை தொட்டிலில், மறு கையில் ஒலிபெருக்கி. ஓட முடியாவிட்டால் வீட்டில் உட்கார்ந்துவிடுவாரா என்ன?

"கைகோத்து வரிசையா போகாதீங்க. இது உங்க வீட்டு ஹால் இல்லை. லேஸ் கட்டணும்னா புல்லுக்குப் போங்க. நடுவுல நின்னு போட்டோ எடுக்காதீங்க. ரெண்டு காதுலயும் இயர்ஃபோன் மாட்டாதீங்க, ஒரு காதை ஊருக்காக விட்டு வைங்க. வேகமா ஓடறவங்க முன்னாடி நில்லுங்க. நடக்கிறவங்க கடைசி."

பேசிக்கொண்டே எங்களைப் பார்த்தார். பார்த்த கண்ணை அப்படியே தாண்டவிட்டு ஒரு நாயைப் பார்த்தார்.

"இப்பவே போய்ப் பேசட்டுமா?" என்றார் மாமியார்.

"ஒலிபெருக்கி கையில இருக்கும்போது வேண்டாம் அத்தை. திட்டினா ஊருக்கே கேக்கும்."

முடிந்தபிறகு பேசுவோம் என்று கடைசி வரிசையில் நடக்க ஆரம்பித்தோம். எங்களுக்குப் பின்னால் ஒருவரும் இல்லை. ஸ்டாப்வாட்ச் முடிவுக் கோட்டில் நின்றபடி குட்டிக்குக் கையாட்டினான். வழக்கமாக அவளும் அங்கே தண்ணீர் கொடுத்துக்கொண்டு நிற்பாள். இன்றைக்கு எங்களோடு தலை குனிந்து நடந்தாள்.

இவர் என் பக்கத்தில் நடந்தார். நடக்கும்போதே அடிக்கடி வலது தொடையைக் கையால் அழுத்திப் பார்த்தார். வாரம் முழுக்க இதைச் செய்துகொண்டிருக்கிறார். "என்ன?" என்றேன். "ஒண்ணுமில்லை" என்றார். எங்கள் வீட்டுக்காரருக்கு ஒண்ணுமில்லை என்றால் ஏதோ இருக்கிறது என்று அர்த்தம். பன்னிரண்டு வருஷத்தில் இதுகூடத் தெரியாமலா இருப்பேன்?

மரப்பாலம் வந்தது. ஓட்டம் இரண்டு சுற்று. நாங்கள் முதல் சுற்றில் பாலத்தைத் தொடும்போது வேகக்காரர்கள் இரண்டாவது சுற்றில் வந்துவிடுவார்கள். அதனால் பாலத்தின் மறுமுனையில் டிரைவிங் ஸ்கூல் அம்மா வந்து நின்றிருந்தார். இப்போது கையில் விசில்.

"ஒருத்தர் பின்னாடி ஒருத்தரா வாங்க!" என்றார், எங்கள் முகத்தைப் பார்க்காமல்.

நல்ல பிள்ளைகளாக வரிசை கட்டினோம். முதலில் குட்டி, அப்புறம் இவர், நான், கடைசியில் மாமியார். பாதிப் பாலம் தாண்டியிருப்போம்.

இரட்டைக் குழந்தைகளை வண்டியில் வைத்துத் தள்ளிக்கொண்டே ஊரையே முந்துகிற அப்பா ஒருவர் உண்டு. மாமியாரின் முதுகுக்குப் பின்னால் அவர் குரல் வெடித்தது.

"பின்னாடி!"

நான் நின்றேன். ஏன் நின்றேன் என்றெல்லாம் யோசிக்கவில்லை. முழங்கை விலாவோடு ஒட்டிக்கொண்டது. கழுத்து நேராக நின்றது. மூச்சுகூட விட்டேனா தெரியாது.

பின்னால் வண்டிச் சக்கரம் கிரீச்சிட்டது. "அம்மா! கொஞ்சம் ஒதுங்குங்க!" யாரும் அசையவில்லை. அவருக்குப் பின்னால் இன்னும் பத்துப் பதினைந்து பேர் வந்து முட்டி நின்றார்கள். "என்னங்க ஆச்சு? முன்னாடி யாரு நிக்கறது?" விசில் சத்தம் கேட்டது. அப்பவும் நான் அசையவில்லை.

எனக்கு நேர் எதிரே என் வீட்டுக்காரரின் முதுகு. தோளைக் குறுக்கி, முழங்கையை ஒட்டி, தலையைத் திருப்பாமல். அந்த முதுகு எனக்குத் தெரியும். தினம் நாற்பது தடவை பார்க்கிற முதுகு. அதற்கு முன்னால் குட்டியின் முதுகு. அதுவும் அச்சு அசல் அப்படியே.

பின்னாலிருந்து மாமியாரின் அதட்டல் வந்தது. "யாரு தட்டு எடுத்துட்டு வர்றது? கை சுடப்போகுது, சீக்கிரம் போய்த் தொலை!"

ஐயோ! எனக்குத் தலையிலிருந்து கால்வரை விளங்கிவிட்டது.

டிரைவிங் ஸ்கூல் அம்மா விறுவிறுவென்று பாலத்தில் ஏறி எங்கள் முன்னால் வந்தார். முகம் சிவந்து கிடந்தது. "என்ன இது, குடும்பத்தோட வேலைநிறுத்தமா? போன வாரம் ஒருத்தர். இந்த வாரம் நாலு பேரா?"

அடிவயிற்றிலிருந்து கத்தினேன். "போயாச்சு!"

நான்கு பேரும் ஒரே நேரத்தில் தோளை இறக்கினோம். நான்கு பேரும் ஒரே நேரத்தில் திரும்பினோம். அந்த அம்மா அதைக் கண்கொட்டாமல் பார்த்தார்.

"அம்மா, இது திமிர் இல்லைம்மா. இது எங்க அடுப்படி" என்றேன். சிரிப்பும் அழுகையும் ஒன்றாக வந்தது. "எங்க நாலு பேர்ல யார் சூடான தட்டோட வந்தாலும் 'பின்னாடி'ன்னு குரல் குடுப்போம். அந்த நிமிஷம் யாரும் நகரக்கூடாது, ஒதுங்கக்கூடாது, திரும்பவே கூடாது. நாம எந்தப் பக்கம் நகருவோம்னு தட்டு தூக்கிட்டு வர்றவருக்கு எப்படித் தெரியும்? அசையாம நின்னாத்தான் அவர் சுத்திப் போக முடியும். தாண்டினதும் 'போயாச்சு'ன்னு சொல்லுவார். அதுவரைக்கும் கூரையே இடிஞ்சு விழுந்தாலும் திரும்ப மாட்டோம்."

சட்டைக் கையை மேலே தள்ளி, முழங்கைக்கு மேலே இருக்கும் தழும்பைக் காட்டினேன். "கல்யாணமான நாலாம் நாள். நான் திரும்பினேன்."

அவர் தழும்பைப் பார்த்தார். அப்புறம் இவரைப் பார்த்தார். ஒரு வாரத்தில் முதல் தடவையாக நேருக்கு நேர்.

"அன்னிக்கு நான் 'போயாச்சு'ன்னு சொல்லலை" என்றார் மெதுவாக.

"இல்லைங்க" என்றார் இவர். "நீங்க விழுந்த சத்தம் கேட்டுச்சு. கேட்டும் கழுத்து திரும்பலை. ஏன்னு எனக்கே தெரியலைங்க. சத்தியமா இப்பத்தான் தெரியுது."

மனிதர் ஒரே மூச்சில் இத்தனை வார்த்தை பேசி நான் பார்த்ததே இல்லை.

"மேடம், நான் போலாமா? பிள்ளைங்க எழுந்துடும்" என்றார் வண்டிக்காரர் பின்னாலிருந்து.

"போங்க, போங்க. ஆனா இப்படி முதுகு மேல வந்து நின்னுக்கிட்டுக் கத்தாதீங்க. பத்தடி தள்ளியே குரல் குடுக்கணும். அவங்க ஒதுங்கறாங்களான்னு பாத்துட்டு..."

அந்த அம்மா பாதியில் நிறுத்திக்கொண்டார். முகத்தில் ஈயாடவில்லை. மீதியை விழுங்கிவிட்டு, கூட்டத்தை ஒவ்வொருவராக அனுப்ப ஆரம்பித்தார்.

பாலம் தாண்டியதும் இவர் புல்லில் போய் உட்கார்ந்துவிட்டார். சட்டைப் பையிலிருந்து நாலாக மடித்த சீட்டு ஒன்றை எடுத்து என் கையில் வைத்தார். நரம்பு டாக்டர். செவ்வாய்க்கிழமை பதினோரு மணி.

"காலு தானா நின்னுடுச்சேன்னு பயந்துட்டேன்" என்றார். "எங்கப்பாவுக்கு இப்படித்தான் ஆரம்பிச்சுது. ஒரு நாள் கால் நின்னுச்சு. அப்புறம் கை. உன்கிட்ட எப்படிச் சொல்றதுன்னு தெரியலை."

ஒரு வாரம்! ஒரு வாரம் இந்த மனிதர் பக்கத்தில் படுத்துக்கொண்டு தொடையை அழுத்திப் பார்த்திருக்கிறார். கடங்காரி, நான் கல்யாணம் நின்றுபோகிறதே என்று அவரையே கரித்துக்கொட்டிக்கொண்டிருந்தேன்.

"உங்களுக்கு அறிவு இருக்கா?" என்று அவர் தோளில் ஒரு அடி வைத்தேன். அப்புறம் அதே தோளில் முகத்தை வைத்து அழுதுவிட்டேன். ஓடுகிறவர்கள் எங்களைச் சுற்றிக்கொண்டு ஓடினார்கள். புல்லில்தான் உட்கார்ந்திருந்தோம், ஒரு சட்டத்தையும் மீறவில்லை.

"டாக்டரைப் போய்ப் பாருடா" என்றார் மாமியார், மூக்கை உறிஞ்சியபடி. "நல்லா இருக்குன்னு அவர் வாயால சொல்லட்டும். வீட்டுக்கு வந்து நல்லா சாப்பிடு."

முடிவுக் கோட்டில் கடைசியாகப் போய்ச் சேர்ந்தது நாங்கள்தான். ஸ்டாப்வாட்ச் எங்கள் நேரத்தைக் குறித்துக்கொண்டு, "ஒரு மணி ஆறு நிமிஷம்" என்றான் பயபக்தியோடு. அவன் அம்மா எங்களுக்காகக் காத்திருந்தார். கையில் விசிலும் இல்லை, ஒலிபெருக்கியும் இல்லை.

"என்னை எதுவும் கேக்காதீங்க. நான் சொல்லி முடிச்சுடறேன்" என்றார். "ஹாரன் அடிச்சா வழி கிடைச்சுடுச்சுன்னு நினைக்காதே, முன்னாடி இருக்கிற வண்டி ஒதுங்கினப்புறம்தான் முந்தணும். இருபது வருஷமா முதல் நாள் வகுப்புல இதைத்தான் சொல்லிக் குடுக்கறேன். அன்னிக்கு நான் கை எட்டற தூரத்துல வந்துதான் குரலே குடுத்தேன். கண்ணு பாதையில இல்லை. மணிக்கட்டுல இருந்தது. அரை மணிக்குள்ள முடிக்கணும்னு ஆறு மாசமா ஒரு வெறி. இவர் நின்னதையே நான் பார்க்கலை. மோதின பிறகுதான் தெரிஞ்சுது."

குட்டி என் கையை இறுகப் பிடித்துக்கொண்டாள்.

"அது எனக்கு அன்னிக்கே தெரியும். சட்டம் போட்டவளே தப்புப் பண்ணிட்டேன்னு ஊர் முன்னாடி சொல்ல வாய் வரலை. அதான் காரணம் சொல்லு, காரணம் சொல்லுன்னு இவரைப் போட்டு வாட்டினேன். மன்னிச்சுடுங்க தம்பி."

இவருக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. "ஐயையோ, நீங்க போய்..." என்று என்னைப் பார்த்தார். வழக்கம்போல மீதியை நான் முடிக்க வேண்டும்.

"இன்னிக்கு மூணு மணிக்கு ரெண்டாவது அடுக்கு பன் இறங்கும். நீங்க வந்து சூடா சாப்பிட்டாத்தான் மன்னிப்பு" என்றேன்.

"திருப்பி அனுப்பின பன்னா?"

"அது அன்னிக்கே நாங்க சாப்பிட்டாச்சு. கோபத்துல நாலு கூடவே சாப்பிட்டேன்."

அந்த அம்மா சிரித்துவிட்டார். என் வயிற்றில் பால் வார்த்த மாதிரி இருந்தது. போகும்போது ஸ்டாப்வாட்சைப் பார்த்து, "போர்டுல எழுது. பத்தடி தள்ளிக் குரல் குடுக்கணும், ஒதுங்கின பிறகு முந்தணும். அப்புறம் அந்தப் 'பின்னாடி'யை எடுத்துட்டு வேற எதாவது போடு" என்றார்.

மூன்று மணிக்குச் சொன்னபடி அம்மாவும் பிள்ளையும் வந்தார்கள். கடைப் பக்கம் நாற்காலி போட்டிருந்தேன். "நான் அடுப்படியைப் பார்க்கணும்" என்று உள்ளே வந்துவிட்டார். மாவு மேஜைக்கும் அடுப்புக்கும் நடுவில் இருக்கிற சந்தில், எங்கள் மாமியாரோடு நின்று, மாவு எத்தனை மணி நேரம் பொங்க வேண்டும் என்று விசாரித்துக்கொண்டிருந்தார். குட்டி மேஜைக்கு அந்தப் பக்கம், விரலெல்லாம் மாவு. ஸ்டாப்வாட்ச் வாசல்படியில் நின்று அவளையே பார்த்துக்கொண்டிருந்தான்.

அடுப்புக் கதவு திறந்தது.

"பின்னாடி!"

நாங்கள் நின்றோம். அது பெரிய விஷயமில்லை. அந்த அம்மாவும் நின்றார். நல்ல கையை விலாவோடு ஒட்டி, தோளைக் குறுக்கி, கழுத்தைத் திருப்பாமல்.

அந்த நேரம் பார்த்து அவர் கைப்பையில் போன் அடிக்க ஆரம்பித்தது. அடிக்கிறது, அடிக்கிறது, அவர் கண்ணைக்கூட அந்தப் பக்கம் ஓட்டவில்லை. இவர் தட்டை இரண்டு கையிலும் ஏந்தி, அந்தத் தொட்டில் கை மேல் படாமல் மெதுவாகச் சுற்றிப் போய், மேஜையில் வைத்தார். வைத்துவிட்டு நிமிர்ந்து, அந்த அம்மாவுக்கு நேர் முன்னால் வந்து நின்று சொன்னார்.

"போயாச்சுங்க."

அந்த அம்மாவுக்குக் கண் நிறைந்துவிட்டது. "சரியா நின்னேனா தம்பி?"

"எங்க வீட்டு ஆள் மாதிரியே நின்னீங்க" என்றார் இவர்.

போன் இன்னும் அடித்துக்கொண்டிருந்தது. எடுத்துப் பார்த்தார். "இவன் அப்பா. கப்பல்லேர்ந்து" என்றார். வாசல்படியில் ஸ்டாப்வாட்சுக்கு முகம் வெளுத்தது. "அம்மா, அப்பாகிட்ட இன்னும் நாம..."

அந்த அம்மா அவனைப் பார்க்கவில்லை. மேஜைக்கு அந்தப் பக்கம் போனை நீட்டினார்.

"நீயே எடும்மா."

குட்டி என்னைப் பார்த்தாள். தன் அம்மாவைப் பார்த்தாள். மாவுக் கையை ஏப்ரனில் இரண்டு முறை துடைத்துக்கொண்டு போனை வாங்கினாள். அடுப்படியில் எங்கள் யாருக்கும் அசையத் தோன்றவில்லை.

"ஹலோ... மாமா?" என்றாள்.

அந்தப் பக்கம் கடல் இரைச்சல் மட்டும் கேட்டது.